குற்றம் ரவுட்டரில் இல்லை

ஆபீஸ் சர்வரை வெளியிலிருந்து திறக்க முடியவில்லையா, ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிடு. அப்படியும் வரவில்லையா, சர்வரை டிஎம்இசட்டில் போடு. அதற்கும் மசியவில்லை என்றால் ரவுட்டரை மாற்று. சிறு அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்ப்பவர்களில் பலர் சொல்லும் வைத்தியம் இது. ஆடிட்டர் ஆபீசில் டேலி ஓடும் கம்ப்யூட்டர், பனியன் கம்பெனியின் பில்லிங் சர்வர், கடையின் கேமரா டிவிஆர் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து. நோய் எங்கே என்று பார்க்காமல் கொடுக்கும் மருந்து என்பதே இதன் மீதான என் முதல் புகார். நடுவில் உள்ள டிஎம்இசட் யோசனை ஆபத்தானது என்பது இரண்டாவது.

போர்ட்டைத் திறந்தால் வந்துவிடும் என்பது ஒரு நிபந்தனையோடுதான் உண்மை: பொது ஐபி முகவரி உங்கள் ரவுட்டரிடமே இருக்க வேண்டும். இன்று பல பிராட்பேண்ட் இணைப்புகளில் அது இல்லை. ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடி. உலக அளவில் அவற்றைப் பங்கிடும் ஐயானாவின் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துபோனது. ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுப்பது பரவியது. அந்தப் பகிர்வுக்கென்றே 2012இல் 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான வரிசை ஒதுக்கப்பட்டது. சிஜிநாட் என்று நெட்வொர்க் வேலை பார்ப்பவர்கள் சொல்வது இந்தப் பகிர்வைத்தான். இந்த ஏற்பாட்டில், வெளியிலிருந்து வரும் அழைப்பு இணைப்பு நிறுவனத்தின் கருவியோடு நின்றுவிடும். உங்கள் ஆபீசுக்குத் திருப்பிவிட அங்கே விதி எதுவும் கிடையாது. நீங்கள் ரவுட்டரில் எத்தனை விதி எழுதினாலும் அழைப்பு அதன் வாசலுக்கே வராது. டைனமிக் டிஎன்எஸ் போட்டு ஆபீசுக்கு ஒரு பெயர் வைத்தும் பயனில்லை. அந்தப் பெயரும் அதே பகிர்ந்த முகவரியில்தான் கொண்டுபோய் விடும்.

இதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் கூட ஆகாது. ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வேன் என்ற தலைப்பின் கீழ் உள்ள ஐபியைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஐபி எது என்று காட்டும் இணையதளம் ஒன்றில் தெரியும் ஐபிவி4 முகவரியோடு அதை ஒப்பிடுங்கள். இரண்டும் வேறு என்றால் நடுவில் இன்னொரு கருவி இருக்கிறது. ரவுட்டரில் உள்ளது 192.168 என்று தொடங்கினால், ஃபைபர் இழுத்தவர் வைத்துவிட்டுப் போன ஓஎன்டி பெட்டியே இன்னொரு ரவுட்டராக ஓடிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். அதை பிரிட்ஜ் மோடுக்கு மாற்றச் சொல்லி, பிபிபிஓஇ யூசர்நேமையும் பாஸ்வேர்டையும் உங்கள் ரவுட்டரில் போட வேண்டும். சிஜிநாட் என்றால் ஸ்டேடிக் ஐபி கேட்டு வாங்கலாம். புது ரவுட்டர் இந்த இரண்டையுமே தீர்க்காது.

போர்ட் திறக்கவில்லை, ஆகவே ரவுட்டர்தான் காரணம் என்பது அடுத்த அவசர முடிவு. வரும் பிழையை முதலில் படியுங்கள். கொஞ்ச நேரம் தொங்கிவிட்டு ‘டைம்டு அவுட்’ என்று வந்தால் அழைப்போ பதிலோ வழியில் எங்கோ தொலைந்திருக்கிறது. உடனடியாக ‘ரெஃப்யூஸ்டு’ என்று வந்தால் பதில் சொல்ல ஆள் இருக்கிறது. பெரும்பாலும் அது உங்கள் சர்வரேதான், அந்த போர்ட்டில் எந்த புரோகிராமும் காத்திருக்கவில்லை என்கிறது. சர்வரில் நெட்ஸ்டாட் போட்டுப் பாருங்கள். 127.0.0.1:8080 என்று இருந்தால், அந்த புரோகிராம் தன் கம்ப்யூட்டருக்குள்ளிருந்து வரும் அழைப்பை மட்டுமே எடுக்கும். அதை மாற்ற வேண்டிய இடம் அந்த புரோகிராமின் செட்டிங்.

இன்னும் உறுதியான சோதனை உண்டு. வந்துபோகும் அழைப்புகளைக் காட்டும் வயர்ஷார்க்கை சர்வரில் ஓடவிட்டு, வைஃபையை அணைத்த மொபைலிலிருந்து இணைத்துப் பார்ப்பது. ஆபீஸ் வைஃபையில் இருந்துகொண்டே பொது முகவரியைச் சோதிக்கக் கூடாது; உள்ளிருந்து கிளம்பி உள்ளேயே திரும்பும் அழைப்பைப் பல ரவுட்டர்கள் கையாளுவதில்லை. மொபைலின் அழைப்பு வயர்ஷார்க்கில் தெரிந்துவிட்டால் ரவுட்டர் தன் வேலையைச் செய்துவிட்டது. மிச்சம் சர்வரின் பக்கம். விண்டோஸ் அந்த நெட்வொர்க்கை ‘பப்ளிக்’ என்று பதிவு செய்திருந்தால், ‘பிரைவேட்’டுக்கு மட்டும் அனுமதி கொடுத்த ஃபயர்வால் விதி அங்கே செல்லாது. இதைவிடக் குழப்பமானது, இரண்டு பிராட்பேண்டும் இரண்டு ரவுட்டரும் வைத்திருக்கும் ஆபீஸ். அழைப்பு முதல் ரவுட்டர் வழியாக வருகிறது. சர்வரின் கேட்வே இரண்டாவது ரவுட்டர் என்பதால் பதில் அந்த வழியே போகிறது. கேட்ட முகவரியிலிருந்து வராத பதிலை மொபைல் ஏற்பதில்லை. வயர்ஷார்க்கில் வருவதும் தெரியும், போவதும் தெரியும், இணைப்பு மட்டும் கிடைக்காது. கேட்வேயை மாற்றினால் முடிந்துபோகும் இந்த வேலைக்கு ரவுட்டரைக் குறை சொல்வது அநியாயம்.

அழைப்பு சர்வருக்கே வரவில்லையா, அப்போது ரவுட்டரின் விதியைப் பாருங்கள். சர்வருக்கு டிஎச்சிபி வேறு ஐபி கொடுத்திருக்கலாம், 192.168.1.20க்கு எழுதிய விதி 192.168.1.37இல் இருக்கும் கம்ப்யூட்டருக்கு உதவாது. மேக் முகவரியை வைத்து ரிசர்வ் செய்யுங்கள்.

“டிஎம்இசட்டில் போட்டதும் வந்துவிட்டதே” என்பார்கள். வரும்தான். டிசிபி என்று இருக்க வேண்டிய இடத்தில் யுடிபி, உள் போர்ட்டும் வெளி போர்ட்டும் இடம் மாறியது போன்ற தவறு விதியில் இருந்திருக்கும். எல்லா போர்ட்டையும் திறந்ததால் அந்தத் தவறு மறைந்துவிட்டது. மலிவு ரவுட்டர்களில் டிஎம்இசட் என்பது, வேறு விதி இல்லாத எல்லா அழைப்பையும் ஒரே கம்ப்யூட்டருக்குத் தள்ளிவிடுவது. அந்தக் கம்ப்யூட்டரோ மற்றவற்றோடு அதே நெட்வொர்க்கில்தான் இருக்கும். அதற்குள் நுழைந்தவனுக்கு மற்றவை பக்கத்து அறை. 2017 மே மாதம் வானாக்ரை என்ற தீம்பொருள் பரவியது 445ஆம் போர்ட் வழியாக. மைக்ரோசாஃப்ட் அதற்கான திருத்தத்தை மார்ச்சிலேயே வெளியிட்டும், போடாத கம்ப்யூட்டர்கள் மாட்டிக்கொண்டன. 2016இல் மிராய் என்ற தீம்பொருள் கைப்பற்றியவை, கம்பெனி வைத்து அனுப்பிய பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களும் டிவிஆர்களும். ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389ஐத் தாக்கக்கூடிய புளூகீப் ஓட்டை வெளிவந்தது 2019இல்.

“நம்ம ஆபீசை யார் தேடி வரப்போகிறார்கள்” என்ற நம்பிக்கைக்கும் இடமில்லை. ஐபிவி4 முகவரிகள் முழுவதிலும் ஒரு போர்ட்டை ஒரே கம்ப்யூட்டரிலிருந்து 45 நிமிடத்துக்குள் துழாவ முடியும் என்று 2013இல் இசட்மேப் என்ற கருவி காட்டிவிட்டது. பெயரும் ஊரும் அதற்குத் தேவையில்லை. 3389ஐ 33890 ஆக்குவதும் அதனால் காவல் ஆகாது.

டேலி பார்க்க வேண்டியவர்கள் நான்கைந்து ஊழியர்கள்தான் என்றால் டேலியையோ ரிமோட் டெஸ்க்டாப்பையோ ஊருக்கே திறக்கத் தேவையே இல்லை. வயர்கார்டு விபிஎன் போட்டால் ஒரே ஒரு யுடிபி போர்ட் போதும், வழக்கமாக 51820. சரியான சாவி இல்லாதவருக்கு அது பதிலே அனுப்பாது. சிஜிநாட்டுக்குள் மாட்டிய ஆபீஸ், ஒரு சிறிய வாடகை சர்வருக்கு உள்ளிருந்து விபிஎன் இணைப்பை எடுத்து, ஊழியர்களை அதன் வழியாக வரவைக்கலாம். இணைப்பு உள்ளிருந்து கிளம்புவதால் ரவுட்டரில் ஒரு போர்ட்டைக்கூடத் திறக்க வேண்டியதில்லை.