கம்பியை விட்டுவிட்டு எம்.சி.பி.யை மாற்றுவதா?

ஒரு வாடகைக் குடியிருப்பு வளாகத்தில், கோடையில் எம்.சி.பி. (தானியங்கி மின்துண்டிப்பான்) அடிக்கடி விழுகிறது என்று குடியிருப்பவர்கள் புகார் செய்தார்கள். 16 ஆம்பியரைக் கழற்றிவிட்டு 32 ஆம்பியர் பொருத்தச் சொல்லியிருக்கிறது வளாக நிர்வாகம். சுவருக்குள் ஓடும் பழைய 2.5 சதுர மி.மீ. கம்பியை யாரும் தொடப்போவதில்லை. ஆபத்தான இந்த உத்தரவை உடனே திரும்பப் பெற வேண்டும்.

எம்.சி.பி. இருப்பது கம்பியைக் காப்பதற்காக. அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் அதற்குள் உள்ள ஈருலோகத் தகடு சூடாகி வளைந்து இணைப்பைத் துண்டிக்கும். குறித்த அளவைவிட 1.45 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் துண்டித்தாக வேண்டும் என்பது தரநிலை. 16 ஆம்பியருக்கு அந்த வரம்பு 23 ஆம்பியர். குழாய்க்குள் போகும் 2.5 கம்பியின் தாங்குதிறனும் ஏறத்தாழ அவ்வளவுதான். 32 ஆம்பியருக்கு வரம்பு 46. ஏசி, கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு, அயர்ன் பாக்ஸ் எல்லாம் ஒரே சர்க்யூட்டில் ஓடினால் 30 ஆம்பியரை நெருங்கும். புதிய எம்.சி.பி. அதற்கு அசையவே அசையாது. மின்னோட்டம் இரட்டித்தால் கம்பியின் சூடு நான்கு மடங்காகும், சாதாரண பி.வி.சி. உறையோ 70 டிகிரிக்கு மேல் தொடர்ந்து தாங்காது. உறை இளகிக் கருகுவது சுவருக்குள். குடியிருப்பவர் கண்ணுக்கு அது தெரியாது.

ஷார்ட் சர்க்யூட்டிலும் இதே ஆபத்துதான். அப்போது நொடிக்குள் துண்டிப்பது உள்ளிருக்கும் காந்தச் சுருள். ‘சி’ வகையில் 5 முதல் 10 மடங்கு மின்னோட்டத்தில் அது இயங்கும். 16-க்கு 160 ஆம்பியர் வந்தாலே நிச்சயம் விழும்; 32-க்கு 320 வரை தேவைப்படலாம். நீண்ட கம்பியும் தளர்ந்த இணைப்புகளும் உள்ள பழைய கட்டடத்தில் அவ்வளவு ஓட்டம் வராமலே போகலாம். தீப்பொறி மட்டும் நிற்காது.

நிர்வாகத்தில் உள்ள இவர்களுக்கு இப்படிச் செய்வது புதிதல்ல. ஃபியூஸ் கட்டை இருந்த காலத்தில், பீஸ் போனதென்று சொன்னவர்களுக்குத் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிக்கொடுத்து அனுப்பியவர்கள் இவர்களே. குளியலறைக் குழாயில் ஷாக் அடிக்கிறது என்று பெண்கள் முறையிட்டபோது, “எம்.சி.பி. இருக்கிறதே” என்று பதில் சொன்னவர்களும் இவர்களே. 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு உயிரைப் பறிக்கும் 0.1 ஆம்பியர் கசிவு தெரியவே தெரியாது. 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அதற்குத் தேவை என்று அந்த வளாகத்து வயர்மேன்களே சொன்னார்கள். செலவைக் காட்டி அதைத் தள்ளிப்போட்டார்கள். ஏர்த் குழிகளுக்குத் தண்ணீர் ஊற்றக்கூட ஆளில்லை.

புகார் வந்தால் காரணத்தைத் தேடாமல் புகாரை அடக்குவதே இவர்கள் வழக்கமாகிவிட்டது. எம்.சி.பி. விழுந்தது பழுதால் அல்ல. இந்தக் கம்பிக்கு இந்தச் சுமை ஆகாது என்று அது சொன்னது. அந்த எச்சரிக்கையைக் கேட்டு வயரிங்கைச் சீர்செய்ய நிர்வாகம் முன்வர வேண்டும். மின்சாரம் அறிந்தவர்களைக் கேட்காமல், மேசையில் உட்கார்ந்து ஆம்பியரைக் கூட்டும் அதிகாரத்தை யாரும் இவர்களுக்குக் கொடுக்கவில்லை. தீப்பிடித்தால் இந்த உத்தரவில் கையெழுத்திட்டவர்களே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.