டிரெட்மில்லும் மூன்றாவது கம்பியும்

போன வாரம் காலையில் டிரெட்மில்லில் நடந்துகொண்டிருந்தபோது அது பட்டென்று நின்றுவிட்டது. கைப்பிடியைப் பிடித்திருந்ததால் விழவில்லை. "என்னங்க, இதுக்குத்தான் பீச் ரோட்டிலேயே நடங்கன்னு சொன்னேன்" என்றாள் மனைவி. அங்கே மழையில் வழுக்கி விழுந்த பிறகுதானே மகன் இதை வாங்கிப் போட்டான்!

கடைக்குப் போன் செய்தேன். "போர்டு போயிருக்கும் சார், எட்டாயிரம் ஆகும்" என்றார்கள், வந்து பார்க்காமலே. 36 வருஷம் ஃபைல் பார்த்தவன் நான். படிக்காமல் நோட் போடுகிறவர்களை ஆபீசிலேயே எனக்குப் பிடிக்காது.

நானே ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சிவப்புக் கயிறு கட்டிய சேஃப்டி கீ சரியாக இருந்தது. பிளக் பாயிண்டில் டேபிள் லாம்ப்பைச் செருகினேன், எரிந்தது. மெஷினுக்குள் வயர் நுழையும் இடத்தில் ஒரு சின்ன பட்டன் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அதை அழுத்தியதும் ஓடியது. ஐந்து நிமிஷத்தில் மறுபடி நின்றது. பிளக்கைத் தொட்டால் சுடுகிறது.

தெருமுனை எலக்ட்ரீஷியன் தம்பியைக் கூப்பிட்டேன். பெல்ட்டின் அடிப்பக்கம் காய்ந்து போயிருந்தது. அப்படி இருந்தால் மோட்டார் திணறி அதிகக் கரண்ட் இழுக்குமாம், பட்டன் விழுமாம். பிளக்கைக் கழற்றிவிட்டுச் சிலிகான் எண்ணெய் விட்டான். பிளக் சுட்டது வேறு கதை. 16 ஆம்பியர் பிளக்கை ஒரு கன்வெர்ட்டரில் மாட்டி, 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி வைத்துவிட்டுப் போனவர்கள் அந்தக் கடைக்காரர்களேதான்.

கடைசியாக டெஸ்ட் லாம்ப்பை எடுத்தான். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் பளிச்சென்று எரிந்தது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் வைத்தால் எரியவே இல்லை. மூன்றாவது ஓட்டை வெறும் அலங்காரம், பின்னால் கம்பியே கிடையாது. "கைப்பிடியைத் தொட்டா சுருசுருன்னு இருக்குமே, கவனிக்கலையா சார்?" என்றான்.

கவனித்தேன். சர்க்கரையால் வரும் விரல் மரமரப்பு என்று நினைத்து டாக்டரிடம் சொல்லி, மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்!

எர்த்துக்குப் பிரெஞ்சில் 'பிரீஸ் தெ தேர்' என்பார்கள். பள்ளியில் அதை எழுதி எழுதி மனப்பாடம் செய்தவன் நான். சொந்த வீட்டில் அது இருக்கிறதா என்று 74 வயதில்தான் பார்த்தேன்.

ஏ.சி. விற்றால் ஆள் வந்து பாயிண்டைப் பார்த்துவிட்டுத்தான் மாட்டுகிறான். டிரெட்மில்லுக்கு மட்டும் ஏன் அது இல்லை? இதை வாங்குகிறவர்களில் நம்மைப் போன்ற கிழவர்களும் உண்டு. நம் வீடுகளோ இரண்டு முனை பிளக் காலத்தில் வயரிங் செய்தவை. எர்த் இருக்கிறதா என்று பார்க்காமல் மெஷினை இறக்கிவிட்டுப் போவது வியாபாரம் இல்லை, அலட்சியம். கேட்காமல் வாங்கிய என் மேலும் தப்பு உண்டு.

தனி லைன் இழுத்து, எர்த் கொடுத்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போட்டாயிற்று. போர்டு மாற்றும் காசில் பாதிகூட ஆகவில்லை. விரல் இப்போது சுருசுருக்கவில்லை. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்த மாத்திரையைப் பற்றிக் கேட்க வேண்டும்.