சூப்பும் சாறும்

நமது வகுப்பு மாணவன் ஒருவன் பத்து நாட்களாகப் பள்ளிக்கு வரவில்லை. பழவேற்காட்டு ஏரிக்கரையில் உள்ள அவனுடைய குப்பத்திற்குப் போய் விசாரித்தோம். ஜுரம் விட்டிருந்தது, பையன் துரும்பாய் இளைத்துக் கிடந்தான். தாயார் ஒரு கிண்ணத்தில் மஞ்சள் நிறக் கஞ்சி போன்ற எதையோ ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் சூப்பு குடுக்கச் சொன்னாரு சார். நமக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? பொன்னேரிக்குப் போய்ப் பொட்டலம் வாங்கியாந்தேன்" என்றாள்.

பொட்டலத்தைப் புரட்டிப் பார்த்தோம். மாவும் உப்புமே அதில் பிரதானம். வலையில் மீன் விழாத நாளில் அதற்குக் கொடுத்த காசு அவளுக்குப் பெரிது. வாசலிலோ நான்கு நாட்டுக்கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன!

"சூப்புன்னா நம்ம சாறுதானே? அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்றாள், மூலையிலிருந்த பாட்டி.

பாட்டி சொன்னது சரித்திரம். 18-ஆம் நூற்றாண்டில் சென்னையிலிருந்த ஆங்கிலேயர், நம் மிளகுத் தண்ணீரைச் சுவைத்து, மாமிசம் சேர்த்து, 'மல்லிகட்டானி' சூப்பு என்று பெயரிட்டுச் சீமைக்குக் கொண்டுபோனார்கள். நாமும் அயலாரிடம் வாங்கியதுண்டு. மிளகாய், போர்த்துக்கீசியர் மூலம் வந்த அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. மிளகின் பெயரையே அதற்குச் சூட்டி அடுப்பங்கரையில் சேர்த்துக்கொண்டோம். 1613-இல் டச்சுக்காரர் கெல்டிரியாக் கோட்டை எழுப்பிய இந்தக் கரைக்கு அயல்நாட்டுக் கப்பல் புதிதன்று. வாங்குவதில் இழிவில்லை, நம்முடையதையே நாம் மறந்து, பொட்டலத்தில் திருப்பி வாங்குவதுதான் பரிதாபம். அந்த மறதியில், பாடம் சொல்லும் நமக்கும் பங்குண்டு.

நால்வருக்குப் போதுமான சாற்றின் பக்குவம் இது:

காய்ந்த வெள்ளை மொச்சை 150 கிராமை இரவில் ஊறவையுங்கள். காலையில் அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டு, விரலால் நசுங்கும்வரை வேகவையுங்கள். அரைவேக்காட்டு மொச்சை வயிற்றைக் கெடுக்கும். முன்னதாகப் புளியோ தக்காளியோ சேர்த்தால் மொச்சை எளிதில் மசியாது. ஒருமுறை அவசரத்தில் நாம் அப்படிச் செய்து, வீட்டாரின் பரிகாசத்துக்கு ஆளானோம்!

தோல் நீக்கிய நாட்டுக்கோழி அரைக் கிலோவை எலும்போடு எடுத்துக்கொள்ளுங்கள். பத்துச் சின்ன வெங்காயம், ஆறு பல் பூண்டு, சிறிது மஞ்சள், ஒன்றரை லிட்டர் தண்ணீர் சேர்த்து இளந்தீயில் வேகவிடுங்கள். முற்றிய கோழிக்கு ஒரு மணிக்கு மேலும் ஆகலாம். இறைச்சி எலும்பைவிட்டுக் கழன்றதும் மொச்சையைச் சேர்த்து, மிளகு, சீரகம் ஒவ்வொரு தேக்கரண்டியும், காய்ந்த மிளகாய் இரண்டும் பொடித்துப் போடுங்கள். உப்பு அளவாயிருக்கட்டும். இறக்கியபின் கொத்துமல்லியும் எலுமிச்சைச் சாறும்.

ஜுரத்திலிருந்து எழுந்தவர்களுக்கு முதலில் மிளகாயில்லாத தெளிந்த சாறு மட்டும் போதும். பசி திரும்பியபின் மசித்த மொச்சை கொடுக்கலாம். மாமிசம் புசியாத நேயர்கள் கோபிக்க வேண்டாம். மொச்சையை மட்டும் வைத்துச் செய்து, அன்னத்தோடு உண்டால் அதுவும் புஷ்டியான ஆகாரமே.

இரண்டு வாரம் கழித்துப் பையன் வகுப்புக்கு வந்தான். மறுபடி அக்குப்பத்திற்குப் போனபோது பார்த்தோம்: வாசலில் மூன்று கோழிகளே மேய்ந்துகொண்டிருந்தன.