சிந்தனைக்கும் ஒரு படிவமா?

ஆசிரியர் தம் கற்பித்தலைத் தாமே திரும்பிப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. ஆசிரியர் கல்விக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகம் 2009இல் அதை வலியுறுத்தியது. 2014ஆம் ஆண்டின் விதிமுறைகளால் பி.எட். படிப்பு 2 ஆண்டாகி, பள்ளிப் பயிற்சியும் 20 வாரமாக நீண்டது. கொள்கை நன்று. ஆயின் வகுப்பறையைச் சென்றடைவதற்குள் அது ஒரு குறிப்பேடாகச் சுருங்கிவிட்டது.

அக்குறிப்பேட்டின் மொழியைக் கவனியுங்கள். 'கற்றல் நோக்கம் அடையப்பட்டது.' 'மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர்.' முதல் வாக்கியத்தில் செய்தவர் இல்லை. இரண்டாவதில் சான்று இல்லை. எந்த வகுப்புக்கும் பொருந்தும் வாக்கியம் எந்த வகுப்பையும் பற்றியதன்று.

பஸ்தரில் கோண்டி பேசும் குழந்தைகளிடம் இந்தியில் ஒரு கேள்வி கேட்கப்படுகிறது என்று கொள்வோம். வகுப்பு மௌனம் காக்கிறது. 'பிள்ளைகளுக்கு அடிப்படை போதவில்லை' என்று எழுதினால் பழி குழந்தைகள்மேல் விழுகிறது. 'இதையே கோண்டியில் கேட்டிருந்தால் பதில் வந்திருக்குமோ?' என்று எழுதுவதுதான் மறுசிந்தனை. மறுநாள் பத்துக் கோண்டிச் சொற்களோடு வகுப்புக்குள் நுழைவது அதன் பயன்.

அப்படி ஏன் எழுதப்படுவதில்லை? சோம்பல் காரணமன்று. பயிற்சிக் காலத்தில் குறிப்பேட்டைப் படிப்பவரே மதிப்பெண்ணும் இடுகிறார். அவரிடம் தோல்வியை ஒப்புக்கொள்வது தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்வதாகும். பணியில் சேர்ந்த பின்னரோ கலந்துபேச ஆளில்லை: நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவை ஓராசிரியர் பள்ளிகள். நேரமும் இல்லை. கல்விசாராப் பணிகளைத் தடைசெய்யும் கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவே மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் பேரிடர் நிவாரணத்துக்கும் தேர்தலுக்கும் விலக்களிக்கிறது. 2020ஆம் ஆண்டின் கல்விக் கொள்கை ஆண்டுக்கு 50 மணி நேரப் பணித்திறன் மேம்பாட்டை எதிர்பார்க்கிறது. மணிகளை எண்ணிவிடலாம், அவற்றுள் எவரேனும் சிந்தித்தாரா என்பதை எண்ண இயலாது.

எழுத்துப் பதிவு இல்லையெனில் பொறுப்புடைமை எங்கே என்று சிலர் கேட்பர். பொறுப்புடைமைக்கு ஆய்வு அலுவலர்கள் இருக்கிறார்கள், பாடக் குறிப்பேடும் இருக்கிறது. தண்டனைக்கான ஆவணத்தையும் கற்றலுக்கான ஆவணத்தையும் ஒன்றாக்கினால், ஆசிரியர் தம்மைக் காத்துக்கொள்ளவே எழுதுவார்.

செய்ய வேண்டியவை சில. மறுசிந்தனைக் குறிப்புக்கு மதிப்பெண் இடுவதை நிறுத்த வேண்டும். வாரத்தில் ஒரு பாடவேளையேனும் ஆசிரியர் இருவர் அமர்ந்து பேச ஒதுக்க வேண்டும். ஓராசிரியர் பள்ளிகளுக்கு அண்டைப் பள்ளியோடு அவ்வாய்ப்பைத் தர வேண்டும். இவற்றைச் செய்யாமல் சிந்திக்கச் சொல்வது, ஆசிரியர்கள்மேல் இன்னொரு பதிவேட்டைச் சுமத்துவதே ஆகும்.