சாவி யார் கையில்?

சென்ற வாரம் எங்கள் விடுதி உணவுக்கூடத்தில் ஒரு சொற்போர் மூண்டது. பொருள் அரசியலன்று, இலக்கியமும் அன்று. ஐபோன் உயர்ந்ததா, ஆண்ட்ராய்டு உயர்ந்ததா என்பதே! சாம்பார் ஆறியது, சோறு காய்ந்தது, சொல் மட்டும் சூடு குறையவில்லை. முடிவில் ஒரு நண்பர் எழுந்து, "ஐபோன் வைத்திருப்பவனை உலகம் பார்க்கும் பார்வையே வேறு" என்றார். அவர் மாலை நேரங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து, அந்த வருவாயை மாதத் தவணையாகக் கட்டி வருகிறார். இன்னும் ஒன்பது தவணை பாக்கி.

அந்தப் பேச்சு என்னை இரவெல்லாம் உறுத்தியது. பிறப்பால் உயர்வு தாழ்வு பேசுவதைக் கண்டித்துக் கூட்டம் போடுகிறோம், தீர்மானம் நிறைவேற்றுகிறோம். ஆனால் மேசைமீது வைத்த கைப்பேசியின் முதுகில் கடித்த ஆப்பிள் படம் இருக்கிறதா இல்லையா என்று ஒரு கண்ணால் பார்த்துக்கொள்கிறோம். கைப்பேசியிலும் சாதி பிறந்துவிட்டது, தோழர்களே!

ஆகவே, பெருமையை ஒருபுறம் வைத்துவிட்டு, அன்றாடம் புழங்குவதற்கு எது நமக்கு ஏற்றது என்று பார்ப்போம். நான் ஆண்ட்ராய்டின் பக்கம் நிற்கிறேன். அதை முன்னரே சொல்லிவிடுவது நேர்மை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நிற்கவில்லை.

கலைத்துறை நண்பர்களுக்காக ஒரு சொல். கைப்பேசியின் உறுப்புகளை எல்லாம் ஆள்வது இயங்குதளம் என்னும் மென்பொருள். ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன் 2007-இல் வந்தது. அதன் இயங்குதளமாகிய ஐஓஎஸ் அந்நிறுவனத்தின் கைப்பேசிகளில் மட்டுமே இயங்கும். ஆண்ட்ராய்டை 2005-இல் கூகுள் வாங்கியது. 2008-இல் அதன் முதல் கைப்பேசி விற்பனைக்கு வந்தது. அதன் அடித்தளம் லினக்ஸ். அடிப்படை நிரல் எவரும் எடுத்து ஆளும்படி வெளியிடப்படுகிறது. அதனால்தான் ஏழாயிரம் ரூபாய்க் கைப்பேசியிலும் அது இருக்கிறது, இலட்ச ரூபாய்க் கைப்பேசியிலும் அது இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் அரவணைப்பில் உருவாகி 2023 ஜனவரியில் அமைச்சர்கள் கையால் அறிமுகம் கண்ட பாரோஸ்கூட அந்தத் திறந்த நிரலின்மேல் எழுப்பப்பட்டதே.

எதிர்த்தரப்புக்கு உரிய பெருமையைக் கொடுத்துவிடுகிறேன். ஐபோன் நெடுநாள் உழைக்கும். 2013-இல் வெளியான ஐபோன் 5எஸ் கைப்பேசிக்கு 2023 ஜனவரியில்கூட ஆப்பிள் ஒரு பாதுகாப்புத் திருத்தம் அனுப்பியது. ஏறத்தாழ பத்தாண்டு! மலிவு ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் இந்தக் கவனிப்பைக் காண்பது அரிது. இதன் வலி எனக்குத் தெரியும். அம்மாவுக்கு நான் வாங்கிக் கொடுத்த கைப்பேசிக்கு இரண்டாம் ஆண்டோடு திருத்தங்கள் நின்றுபோயின. கண்ணாடியில் கீறல் இல்லை. மின்கலம் நன்றாக இருந்தது. ஆனால் ஒருநாள், "இந்தக் கைப்பேசியில் இனி இயங்க இயலாது" என்று பணம் அனுப்பும் செயலி கைவிரித்தது. அன்று ரேஷன் கடைக்குப் போய்விட்டு மளிகைக் கடைக்குச் சென்ற அம்மா, கடைக்காரரிடம் கடன் சொல்லிவிட்டு வந்தார். உடைந்த பொருளைத் தூக்கி எறியலாம். உடையாத பொருளைத் தூக்கி எறியச் சொல்வது என்ன நீதி?

இப்பொழுது ஆண்ட்ராய்டு முகாமிலும் சிலர் திருந்தியிருக்கின்றனர். கூகுள் தன் பிக்சல் 8 கைப்பேசிக்கு 2023-இலும், சாம்சங் தன் எஸ்24 கைப்பேசிக்கு 2024-இலும் ஏழாண்டுத் திருத்தம் தருவதாக உறுதி கூறின. ஆனால் அவை விலை உயர்ந்தவை. மலிவானதை வாங்குவோர் கடைக்காரரிடம் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதற்கு முன், எத்தனை ஆண்டு திருத்தம் வரும் என்று கேளுங்கள். அவர் விழிப்பார்; விழிக்கட்டும்.

தமிழ் பற்றிச் சிறிது. ஆண்ட்ராய்டின் ஐந்தாம் பதிப்பு 2014-இல் வந்தபோதே அதன் பட்டியல்களும் அமைப்புகளும் தமிழில் கிடைத்தன. ஐபோனில் தமிழ் விசைப்பலகை முன்பே இருந்தது உண்மை. ஆனால் பட்டியல் முழுவதையும் தமிழில் வைத்துக்கொள்ளும் வசதி 2025-இல் வந்த 18.4 பதிப்பில்தான் சேர்ந்தது. இடையில் பதினோர் ஆண்டு. ஆங்கிலம் அறிந்த நமக்கு அது சிறு செய்தி. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட என் அம்மாவுக்கு அது கதவு திறப்பதற்கும் மூடியிருப்பதற்கும் உள்ள வேறுபாடு. தட்டச்சில் இருதரப்புக்கும் குறையில்லை. 1999-இல் சென்னை மாநாட்டின் பயனாகப் பிறந்த தமிழ்99 விசைப்பலகை இரண்டிலும் உண்டு. மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் ஆக்கிய செல்லினம் இரண்டிலும் உண்டு. அந்த மனிதர் பெரிய நிறுவனங்கள் தமிழை நினைத்துப் பார்ப்பதற்கு முன்பே, 2005-ஆம் ஆண்டுப் பொங்கலின்போது சிங்கப்பூரில் செல்லினத்தை வெளியிட்டார் என்பதை நம் மன்றத்தார் எத்தனை பேர் அறிவோம்?

இனி, நான் ஏன் ஆண்ட்ராய்டின் பக்கம் நிற்கிறேன் என்பதற்கு வருகிறேன்.

என் தந்தையார் குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டுபவர். தறி அவருடையதன்று. மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. வாரம் ஒருமுறை கணக்கு. எவ்வளவு நெய்தார், முன்பணத்தில் எவ்வளவு கழிந்தது என்பதெல்லாம் முதலாளியின் நோட்டில் இருக்கும். அப்பாவும் நாட்காட்டித் தாளின் பின்புறம் குறித்து வைப்பார். தாள் தொலையும், கணக்கு மாறும், வாய்ப்பேச்சில் தோற்பவர் எப்பொழுதும் ஒருவரே. சென்ற ஆண்டு விடுமுறையில் போயிருந்தபோது கேட்டார்: "ஏங்கண்ணு, இத்தனை படிச்சிருக்கியே, இந்தக் கணக்கை போன்ல போட்டு வைக்க முடியாதா?"

பெங்களூர் எஸ்.பி. சாலையில் பழைய பொருள் விற்கும் கடையில் வாங்கிய மடிக்கணினி என்னுடையது. அதில் மூன்று வாரம் இரவு இரவாக அமர்ந்து ஒரு செயலி எழுதினேன். நாள், பகல் முறையா இரவு முறையா, எத்தனை மீட்டர், என்ன கூலி, எவ்வளவு முன்பணம் - அவ்வளவுதான். எழுத்து பெரிது, மொழி தமிழ், இணையம் வேண்டா. கோப்பை வாட்ஸ்அப்பில் அப்பாவுக்கு அனுப்பினேன். தங்கை தொட்டு நிறுவினாள். அடுத்த வாரக் கணக்கின்போது அப்பா கைப்பேசியை நீட்டினார். பதினான்கு மீட்டர் வேறுபாடு. நோட்டைப் புரட்டிப் பார்த்த முதலாளி, தவறு தம்முடையதே என்று ஒப்புக்கொண்டு கூலியைச் சேர்த்துக் கொடுத்தார். நல்ல மனிதர்தான், நோட்டுதான் தவறியது. இன்று அந்தத் தெருவில் ஒன்பது பேர் அதை வைத்திருக்கின்றனர். நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. யாருக்கும் ஒரு காசு கட்டவில்லை.

இதையே ஐபோனுக்குச் செய்திருந்தால்? முதலில் ஆப்பிளின் கணினி வேண்டும், என் எஸ்.பி. சாலைக் கணினி உதவாது. பிறகு ஆண்டுதோறும் 99 டாலர், நம் பணத்தில் எண்ணாயிரம் ரூபாய்க்கு மேல், செலுத்த வேண்டும். பிறகு அவர்கள் கடையில் வைத்து, அவர்கள் பார்த்து ஒப்ப வேண்டும். இலவசக் கணக்கைக் கொண்டு நேரே ஏற்றினால் ஏழு நாளில் அது செத்துப்போகும். கூகுளின் கடையில் வைக்கவும் கட்டணம் உண்டு; ஆனால் அது ஒரே ஒருமுறை, 25 டாலர். கடைக்கே போகாமல் கைக்குக் கை கொடுப்பதற்கோ கட்டணமே இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டு மிரட்டிய பிறகுதான், 2024 மார்ச்சில், அங்கே மட்டும் பிறர் கடைகளுக்கு ஆப்பிள் இடம் விட்டது. நம் நாட்டிலோ போட்டி ஆணையம் 2021 இறுதியில் ஆப்பிள்மீது விசாரணைக்கு ஆணையிட்டது. வழக்கு இன்னும் நடை பயில்கிறது.

"எத்தனை பேர் செயலி எழுதப் போகிறார்கள்? நமக்கு வேண்டியது நல்ல படமும் நல்ல பாட்டும்தானே" என்று கேட்பாரும் உளர். எல்லாரும் எழுத வேண்டியதில்லை. தெருவுக்கு ஒருவர் எழுதினால் போதும். ஆனால் அந்த ஒருவரின் எழுத்து தெருவிலுள்ளோர் கைப்பேசியில் ஏறுமா ஏறாதா என்பதுதான் வழக்கு. விலை கொடுத்து வாங்கிய வீட்டின் சாவி விற்றவன் இடுப்பில் தொங்கலாமா?

அப்படியானால் கூகுள் அறச்சாலையா? இல்லவே இல்லை! நாம் தேடுவதையும் செல்லும் இடத்தையும் குறித்து வைத்து விளம்பரத்துக்கு விலையாக்குவது அதன் தொழில். ஆண்ட்ராய்டு சந்தையில் தனக்குள்ள மேலாதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதற்காக 2022 அக்டோபரில் போட்டி ஆணையம் அதன்மீது 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை நிலைநிறுத்தியது; ஆனால் ஆணையம் பிறப்பித்த கட்டளைகள் சிலவற்றை நீக்கியது. நீக்கப்பட்டவற்றுள் ஒன்று எது தெரியுமா? கடை வழியன்றி நேரே செயலி வழங்குவதைக் கூகுள் தடுக்கலாகாது என்ற கட்டளை! செய்தித்தாளில் அபராதத் தொகை தலைப்பாயிற்று. இது உள்ளே எங்கோ ஒளிந்துகொண்டது.

அதன் பொருள் 2025 ஆகஸ்டில் விளங்கியது. தன் சான்று பெற்ற ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் இனிமேல் தன்னிடம் பெயர் பதிந்து அடையாளம் காட்டியவர்களின் செயலிகளை மட்டுமே நிறுவ முடியும் என்று கூகுள் அறிவித்தது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து நாடுகளில் தொடக்கம்; 2027 முதல் மற்ற நாடுகளுக்கு. அவர்கள் காட்டும் காரணம் பொய்யன்று. திருமண அழைப்பிதழ் என்று வாட்ஸ்அப்பில் வந்த கோப்பைத் தொட்டுச் சேமிப்பை இழந்தவர்கள் நம் உறவிலும் இருக்கின்றனர். என் செயலியும் அதே வழியில்தான் அப்பாவின் கைப்பேசிக்குள் போயிற்று என்பதை மறைக்க மாட்டேன். தெருவில் திருடன் வருகிறான் என்றால் காவல் போடுவது முறை. அதற்காக ஊருக்கெல்லாம் ஒரே வாசல் வைத்து, அந்த வாசலில் ஒரு நிறுவனமே நின்று பெயர் கேட்பது முறையா? எதிர்ப்பு எழுந்ததும், விவரம் அறிந்தவர்கள் துணிந்து நிறுவிக்கொள்ள ஒரு தனிவழி வைப்பதாக நவம்பரில் கூகுள் இறங்கி வந்தது. மாணவர்க்கும் பொழுதுபோக்காக எழுதுவோர்க்கும் கட்டணமில்லாக் கணக்கு உண்டு என்றும், அதற்குக் கைப்பேசிகளின் எண்ணிக்கையில் வரம்பு உண்டு என்றும் சொல்கிறது. ஒன்பது தறிக்காரர் தொண்ணூறு பேராகும் நாளில் அந்த வரம்பு என்னை எங்கே நிறுத்தும்?

ஆதலால் நான் ஆண்ட்ராய்டைத் தேர்வது கூகுளை நம்பி அன்று. நிரல் திறந்திருக்கும்வரை, இவர்கள் கதவை அடைத்தாலும் அதே செங்கல்லைக் கொண்டு வேறொருவர் வேறு வீடு கட்டலாம். லினியேஜ் போன்ற இயங்குதளங்களைத் தன்னார்வலர்கள் அப்படித்தான் கட்டியிருக்கின்றனர். அம்மாவின் கைவிடப்பட்ட கைப்பேசியில் அதை ஏற்றிப் பார்க்க நானும் முயன்றேன். அந்த வகைக் கைப்பேசிக்கு அது கிடைக்கவில்லை, தோற்றேன். திறந்த நிரல் என்றால் எல்லாம் கைகூடும் என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள்.

நிறுவன விசுவாசம் பேசும் நண்பர்களுக்கு ஒன்று. நம் அண்ணன்மார் நோக்கியாவின்மேல் சத்தியம் செய்தார்கள். அந்த நிறுவனத்தின் பெரிய ஆலை 2006 முதல் ஸ்ரீபெரும்புதூரில் ஓடியது; 2014 நவம்பரில் மூடப்பட்டது. அதன் சிம்பியன் இயங்குதளம் இன்று யார் நினைவிலும் இல்லை. இப்பொழுது அதே வட்டாரத்தில் ஐபோன்கள் பூட்டப்படுகின்றன. இங்கே நரசாபுரத்திலும், நாம் ஊருக்குப் போகும் வழியில் ஒசூர்ப் பக்கத்திலும் அவ்வாறே. என் சித்தப்பா மகள் அத்தகைய ஆலை ஒன்றில்தான் பணியாற்றுகிறாள். நாளெல்லாம் ஐபோனைத் தொடும் அவள் பையிலிருப்பது ஆண்ட்ராய்டு. எது உயர்ந்தது என்று அவளிடம் கேட்டேன். "எதுல ரீசார்ஜ் பண்ணா நாலு நாள் சேர்த்து வருமோ, அதுதாண்ணா" என்று சிரித்தாள்.

உணவுக்கூட நண்பருக்கு நான் இதையெல்லாம் சொல்லவில்லை. வாங்கிவிட்டார், அதை நெடுநாள் ஆளட்டும், ஐபோன் அதற்கு ஏற்றதே. நான் அவரிடம் கேட்டது ஒன்றே: "உங்கள் பழைய ஆண்ட்ராய்டு இழுப்பறையில் சும்மாதானே கிடக்கிறது?" மறுநாள் மின்னூட்டி வடத்தோடு கொண்டுவந்து கொடுத்தார். அதற்கு இன்னும் இரண்டாண்டுத் திருத்தம் பாக்கி இருக்கிறது, பார்த்துவிட்டேன். பொங்கலுக்குப் போகும்போது அம்மாவுக்கு. அப்பா இம்முறை வேறொன்று கேட்டிருக்கிறார்: பாவு மாற்றும்போது தறி நின்ற நேரத்தையும் குறிக்க ஒரு கட்டம் வேண்டுமாம்.