முழுமையைக் காணும் கல்வி

"படித்து முடித்து என்ன செய்யப் போகிறாய்?" இறுதியாண்டு மாணவனை ஊரார் கேட்கும் முதற் கேள்வி இது. "அமைப்புப் பொறியியல்" என்றேன். "கணக்குப் படிச்ச பிள்ளைக்கு அதெல்லாம் எதுக்குத் தம்பி?" என்றார் ஒரு பெரியவர். அவருக்கு அன்று சொல்லாத விடையே இக்கட்டுரை.

சிஸ்டம்ஸ் எஞ்சினியரிங் என வழங்கும் இத்துறை, ஓர் உறுப்பைத் தனியே செய்வதைப் பற்றியதன்று. பல உறுப்புகளும் பொருந்தி ஒன்றாக இயங்குமாறு திட்டமிடுவதைப் பற்றியது. எடுத்துக்காட்டுத் தேடி அயல்நாடு செல்ல வேண்டாம். நம் புதுக்கோட்டை மாவட்டத்துக் கண்மாய்களே போதும். மேல்கண்மாய் நிறைந்து கலிங்கில் வழியும் நீர், வாய்க்கால் வழியே கீழ்க்கண்மாயை நிரப்பும். கரை, கலிங்கு, மடை, வரத்து வாய்க்கால் ஆகியவற்றில் ஒன்று பழுதானாலும் சங்கிலி அறுந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர்க் கண்மாயைத் தூர் வாரினார்கள். கரையும் உயர்ந்தது, மழையும் பெய்தது. கண்மாய் மட்டும் நிறையவில்லை. வரத்து வாய்க்கால் சீமைக் கருவேல் மண்டிக் கிடந்ததை யாரும் பார்க்கவில்லை! அவரவர் வேலையை அவரவர் செய்தார்கள். முழுமையைப் பார்க்கத்தான் ஆளில்லை. அவ்வாண்டு எங்கள் வயலில் பாதி தரிசாகக் கிடந்தது.

விண்வெளியிலும் இதே பாடந்தான். 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்த எஸ்.எல்.வி-3 ராக்கெட், ஒரு வால்வின் கோளாறால் வங்கக் கடலில் விழுந்தது. குறை களையப்பட்டு, 1980 ஜூலை 18-இல் ரோகிணி செயற்கைக்கோள் விண்ணேறியது. அத்திட்டத்தின் இயக்குநர் அப்துல் கலாம், திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்ற பின்னரே, சென்னை எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியல் கற்றவர். அறிவியல் பட்டம் தடையன்று, படிக்கட்டு என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

மாணவ நண்பர்களே! நம் நாட்டில் இது பெரும்பாலும் மேற்படிப்பாகவே கிடைக்கிறது. கேட் தேர்வை இன்று கலை, அறிவியல் மாணவர்களும் எழுதலாம். ஆனால், எந்த நிறுவனம் எந்தப் பட்டத்தை ஏற்கும் என்பதை முன்னரே விசாரித்து அறிய வேண்டும். புள்ளியியல், செயல்முறை ஆய்வியல், எம்.சி.ஏ. ஆகியவையும் இதே ஊருக்குச் செல்லும் வேறு வழிகளே. விண்வெளி, இரயில்வே, மின்தொகுப்பு, நீர்மேலாண்மை எனப் பணிக்களங்கள் பல. ஒன்றை மறவாதீர்கள்: கணினி நிறுவனங்கள் சில, தொடக்க நிலை வேலைக்கே 'சிஸ்டம்ஸ் எஞ்சினியர்' என்று பெயரிடுகின்றன. பெயரைப் பார்த்து மயங்காமல் வேலையைப் பார்க்க வேண்டும்.

பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம். கணிதம், இயற்பியல், பொருளியல், வரலாறு பயிலும் மாணவர்களை ஒரே குழுவாக்கி, ஒரு கண்மாய்ச் சங்கிலியை அளக்க அனுப்புங்கள். பட்டத்தில் அப்பெயர் இல்லாவிட்டாலும், நாங்கள் படித்தது அமைப்புப் பொறியியலாகவே இருக்கும்.