பல்பு வாங்கின கதை!

நம்ம காலேஜ் பாஷையில ‘பல்பு வாங்கறது’ன்னா என்னன்னு உங்களுக்கே தெரியும். நான் நிஜமாவே காசு கொடுத்து ஒரு பல்பு வாங்கி, அதனாலேயே இன்னொரு பல்பும் வாங்கின கதைதான் இந்த வாரம்.

எங்க வீட்டு ஹால்ல 40 லிட்டர் கண்ணாடித் தொட்டி ஒண்ணு இருக்கு. உயரம் ஒரு அடி. கப்பி மீன் வளர்த்து போரடிச்சுப் போய், அதை உப்புத்தண்ணித் தொட்டியா மாத்தி, மூணு மாசம் தண்ணி செட்டாகக் காத்திருந்தேன். அப்புறம் டியூஷன் எடுத்துச் சேர்த்த காசுல டிஸ்கோசோமாங்கற பவள வகையில மூணு வாங்கி வெச்சேன். வட்டமா, தட்டையா, சின்ன அப்பளம் மாதிரி விரியும். அவ்ளோ அழகு!

லைட்டு? நாமதான் ஈ.சி.இ. ஆச்சே! ‘இருக்கறதுலயே அதிக வாட்ஸ் எது?’ன்னு கடையில கெத்தா கேட்டு, 50 வாட்ஸ் வெள்ளை எல்.ஈ.டி. ஃப்ளட் லைட்டை வாங்கி, தண்ணிக்கு அரை அடி மேல தொங்கவிட்டேன். ஹாலே பளிச்! ஆனா, பத்தே நாள்ல மூணு பவளமும் சுருங்கி வெளுக்க ஆரம்பிச்சுது. ‘ஓஹோ, வெளிச்சம் பத்தலை’ன்னு நானே முடிவு பண்ணி, 8 மணி நேரம் எரிஞ்ச லைட்டை 12 மணி நேரம் எரியவிட்டேன். அடுத்த வாரம் ஒண்ணு கரைஞ்சே போச்சு.

அம்மா எட்டிப் பார்த்துட்டு ஒரே கேள்விதான் கேட்டாங்க. ‘‘ஏண்டி, நர்சரியில பச்சை வலைக்கு அடியில இருந்த ரோஜாச் செடியை வாங்கிட்டு வந்து, நேரா மொட்டை மாடி வெயில்ல வெப்பியா?’’

அஞ்சு செமஸ்டர் படிச்சவளுக்கு அந்த நிமிஷம்தான் ரெண்டாவது பல்பு! அப்புறம்தான் உட்கார்ந்து படிச்சேன்.

பவளம் ஒரு விலங்கு. ஆனா, அதோட உடம்புக்குள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருக்கு. வெளிச்சத்தை வெச்சு அதுங்க சமைக்கற சாப்பாட்டுலதான் பவளத்தோட வண்டி பெரும்பாலும் ஓடுது. வெளிச்சம் அளவுக்கு மீறினா, அந்தப் பாசிக்குள்ள நச்சு உருவாகும். உடனே பவளம் பாசியை வெளியே துரத்திடும். நிறம் போய் வெளுத்துடும். கடல் சூடானாலும் இதே கதைதான். 2010, 2016-ல் மன்னார் வளைகுடாவுல பவளங்கள் வெளுத்தது அந்தச் சூட்டால. என் தொட்டியில வெளுத்தது என் கெத்தால!

நீங்களும் இந்த பல்பை வாங்காம இருக்க சில மேட்டர்...

வாட்ஸ் கேட்காதீங்க. அது கரன்ட் பில்லுக்கான கணக்கு. லூமனும் வேண்டாம், அது மனுஷக் கண்ணுக்கான கணக்கு. நம்ம கண் 555 நானோமீட்டர் பச்சைக்குத்தான் மயங்கும். அந்த ஒளி ஒரு வாட்டுக்கு 683 லூமன். பாசிக்குப் பிடிச்ச 450 நானோமீட்டர் நீலம் ஒரு வாட்டுக்கு வெறும் 26 லூமன்தான். லூமனைப் பார்த்து வாங்கினா நல்ல ரீஃப் லைட்டைக்கூட மட்டம்னு ஒதுக்கிடுவோம்.

கேட்க வேண்டியது ‘பார்’ அளவு. 400-லேர்ந்து 700 நானோமீட்டர் வரைக்கும் இருக்கற ஒளித்துகள்களோட கணக்கு அது. உச்சி வெயில்ல சுமார் 2000 இருக்கும். டிஸ்கோசோமாவுக்கு 50 சொச்சமே தாராளம். நம்பிக்கையான லைட்டுன்னா, எவ்வளவு உயரத்துல தொங்கவிட்டா எத்தனை பார் கிடைக்கும்னு வரைபடமே கொடுப்பாங்க. செல்போன் லக்ஸ் ஆப்பை நம்பாதீங்க, நீல ஒளியில அது உளறும்.

நிறம் முக்கியம். கடல்ல சிவப்பு ஒளி சில மீட்டர் ஆழத்துலயே காணாமப் போயிடும், நீலம்தான் ஆழம் வரை இறங்கும். அதனால 420 - 480 நானோமீட்டர் நீலம் நிறைய, வெள்ளை கொஞ்சம், ரெண்டையும் தனித்தனியா குறைக்கக் கூட்ட வசதி... இதுதான் பார்க்கணும். (இந்த நீல எல்.ஈ.டி.-க்காகத்தான் அகசாகி, அமானோ, நகமுரா மூணு பேருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் கிடைச்சுது. செமஸ்டர்ல கேட்டாலும் கேட்பாங்க!)

அவசரம் கூடாது. 30 சதவிகித வெளிச்சத்துல ஆரம்பிச்சு, மூணு நாலு வாரத்துல மெதுவா ஏத்துங்க. டைமர் போட்டு தினம் 8 மணி நேரம் போதும். பவளம் மேல்நோக்கி நீண்டா, வெளிச்சம் பத்தலை. சுருங்கி வெளுத்தா, பெரும்பாலும் அதிகம்.

சின்னத் தொட்டி சீக்கிரம் சூடாகும். சென்னை மே மாசத்துல 30 டிகிரியைத் தாண்டாம பார்த்துக்கங்க. ஒயர் பிளக்குக்குக் கீழே ஊஞ்சல் மாதிரி தொங்கி மேலே ஏறணும். அப்பதான் சொட்டற உப்புத்தண்ணி பிளக்குக்குள்ள போகாது.

முக்கியமான இன்னொண்ணு... கல் பவளங்கள் எல்லாமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கு. புலி இருக்கற அதே அட்டவணை! ராமேஸ்வரம் கரையில கிடக்கற செத்த துண்டைக்கூட பையில போடக் கூடாது. டிஸ்கோசோமா கல் கூடு கட்டாத வகை. அதை ‘மஷ்ரூம்’னு செல்லமா கூப்பிடுவாங்க. ஆனா, அதே செல்லப் பேர்ல ஒரு கல் பவளமும் இருக்கு. அதனால முழுப் பேரைக் கேட்டு, பில்லோட வாங்குங்க.

இப்போ எங்க ஹால்ல ஃப்ளட் லைட் கிடையாது, அது மொட்டை மாடிக்குப் போயாச்சு. குறைக்கக் கூட்ட முடியற ஒரு சின்ன நீல லைட் மாட்டியிருக்கேன். மிச்சம் இருந்த ரெண்டுல ஒண்ணு, ரெண்டு மாசத்துல பழைய நிறத்துக்கு வந்துடுச்சு. இன்னொண்ணு இன்னும் ஒரு ரூபாய்க் காசு சைஸ்லதான் இருக்கு. தினமும் காலையில அதைத்தான் முதல்ல பார்க்கறேன்.

லேப்ல அளக்காம ரீடிங் எழுதினா, ரெக்கார்டு நோட்டுதான் திரும்பி வரும். என் வீட்டுல அளக்காம மாட்டின லைட்டால, ஒரு உயிர் திரும்பி வரவே இல்லை.

அடுத்த வாரம் பார்க்கலாம் ஃப்ரெண்ட்ஸ்... வர்ட்டா!